இரண்டு தட்டு, பிறகு ஒன்று

போரில் ஆளைப் பறிகொடுத்தவர்களுக்கான மேள வகுப்புக்கு அவளை வற்புறுத்திக் கூட்டி வந்ததே அக்காதான்.

"கண்ண மூடிக்கோங்க. கை என்ன தட்டுதோ தட்டட்டும், உள்ள கெடக்குறது வெளிய வரட்டும்," என்றார் ஆசிரியை.

பக்கத்தில் அக்காவின் கை தட்டியது. இரண்டு தட்டு, சற்று இடைவெளி, பிறகு ஒன்று.

அவள் கண்ணைத் திறந்துவிட்டாள்.

கணவன் வீட்டுக்குள் ஒளிந்திருந்தபோது, சோறு கொண்டுவரும் அவள் தம்பி அப்படித்தான் கதவைத் தட்டுவான். தம்பிக்கும் அவளுக்கும் மட்டுமே தெரிந்த தட்டு. ஒருநாள் அதைக் கேட்டுத் திறந்தாள். துப்பாக்கிக்காரர்கள் நின்றார்கள். கணவனை இழுத்துப் போனார்கள்.

"கூடப் பொறந்தவனே காட்டிக் குடுத்துட்டானேடி!" என்று தலையிலடித்துக்கொண்டு அழுதது அக்காதான். அதன்பின் தம்பி வந்து வந்து தட்டினான். அவன் சாகும்வரை அவள் திறக்கவே இல்லை.

"நல்லா வருது, நிறுத்தாதீங்க," என்றார் ஆசிரியை.

அக்காவின் கை நின்றுவிட்டது. ஆனாலும் தட்டு கேட்டது, மூடிய வாசற்கதவிலிருந்து. இரண்டு, சற்று இடைவெளி, பிறகு ஒன்று.

அக்காவின் முகத்தில் ரத்தமில்லை. "யாருன்னு பாரேன்டி," என்றாள்.

"நீயே போய்த் தெற அக்கா. அன்னைக்கு நான்தானே தெறந்தேன்."