சதுக்கத்தின் நடுவே ஆரணி

டொரன்டோவிலிருந்து விடுமுறைக்கு வந்த தயாபரனும் மனைவி ஜெகதாவும் மகள் ஆரணியும் பிராக் நகரின் பழைய சதுக்கத்தில் பெட்டிகளோடு நிற்கிறார்கள். மழை விட்ட கருங்கற்களில் வெயில் வழுக்குகிறது. கோபுர மணி அடிக்க, புறாக்கள் கலைகின்றன. "அப்பா, ஒரு செல்ஃபி எடுப்பம்," என்கிறாள் ஆரணி. தயாபரன் கோபுரத்தைப் பார்க்கவில்லை. மூலை திரும்பி வருகிற பொலிஸ்காரர்களைப் பார்க்கிறார். முப்பது வருடங்களுக்கு முன் அவரையும் ஜெகதாவையும் இலங்கையிலிருந்து இந்த ஊர்களின் வழியே களவாகக் கனடாவுக்குக் கூட்டிப்போன ஏஜென்ட் சொன்னது: "பொலிஸைக் கண்டால் சேர்ந்து நிக்காதேங்கோ, ஆளுக்கொரு பக்கம் போங்கோ." சட்டைப்பையில் கனேடியக் கடவுச்சீட்டு இருக்கிறது. ஆனாலும் கால்கள் பூக்கடைப் பக்கம் நகர்கின்றன. வெட்கத்தோடு திரும்பிப் பார்க்கிறார். எதிர்ப்பக்கத் தூணோரம், யாரோ எவரோ போல, ஜெகதா. நடுவில் மூன்று பெட்டிகளுடன் தனித்து நிற்கிற ஆரணி, "அம்மா, அப்பா, எங்க போறீங்கள்?" என்று சதுக்கமே திரும்பக் கத்துகிறாள்.