மீன் எண்ணெய்

கஞ்சிக் கிண்ணத்தை மேசையில் வைத்ததும் என் வீட்டுக்காரர் முகத்தைச் சுளித்தார்.

நான் கண்டுகொள்ளவில்லை. தலையில் அடிபட்டதிலிருந்து அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வருகிறது. வாசனைதான் வருவதில்லை.

நான்கு மாதங்களுக்கு முன்பு பேக்கரியில் மாவு மூட்டையை இறக்கும்போது ஏணியிலிருந்து விழுந்தார். பின்மண்டையில் பலமான அடி. பேச்சு திரும்பி வந்தது, நடை வந்தது, என்னிடம் குறை கண்டுபிடிக்கிற பழக்கம்கூட வந்துவிட்டது. மூக்கு மட்டும் வரவில்லை.

மற்றவர்களுக்கு மூக்கு போனால் சாப்பாட்டு ருசி போகும். இவருக்குப் பிழைப்பே போகும். இருபது வருடமாகக் கடிகாரத்தை நம்பாமல் மூக்கை நம்பி அடுப்பைத் திறந்தவர். முதல் ரொட்டியை எடுத்து, அடிப்பக்கத்தை மூக்கருகே வைத்து, கண்ணை மூடி நீளமாக ஒரு இழுப்பு. அதிலேயே அந்த ஈடு முழுவதும் எப்படி வந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார்.

முதலாளி நல்ல மனுஷர். மாதக் கடைசிவரை பார்க்கிறேன், அதற்குள் மூக்கு வராவிட்டால் வேறு ஆள் போடுவதைத் தவிர வழியில்லை என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. டாக்டரும் அந்த ஒன்பது நாளைத்தான் சொல்கிறார். அதுவரை அடுப்புச் சூட்டில் நிற்கவே கூடாதாம், தலைசுற்றி மறுபடி விழுந்தால் தாங்காதாம்.

டாக்டர் சில சத்து மாத்திரைகளும் எழுதிக் கொடுத்தார். இதனால் மூளைக்காயம் ஆறிவிடும் என்று சத்தியம் செய்ய மாட்டேன், உடம்பு தேறத் துணையாக இருக்கலாம் என்றார். எனக்கு அந்த 'லாம்' போதுமாக இருந்தது.

மற்ற மாத்திரைகளை விழுங்கிவிடுவார். மீன் எண்ணெய் மாத்திரை பெரிசு, தொண்டையில் நின்றுவிடும். அதனால் அதை மட்டும் ஊசியால் குத்திக் கஞ்சியில் பிழிந்துவிடுவேன். வீடே நாறும். மாடி வீட்டு அக்கா ஜன்னலைப் படாரென்று சாத்துவார். இவர் மட்டும் தேவாமிர்தம் மாதிரி வழித்துச் சாப்பிடுவார்.

தினமும் சாயங்காலம் அவரைக் கண்ணை மூடச் சொல்லி, கிராம்பு, எலுமிச்சைத் தோல், காப்பித்தூள் என்று ஒவ்வொன்றாக மூக்கருகே பிடிப்பேன். நேற்றுகூடக் காப்பித்தூளுக்குத் தண்ணீரா என்று கேட்டார். சிரித்துவிட்டு, குளியலறைக்குப் போய் அழுதேன்.

இதற்கு நடுவில் என் வேலை வேறு. நான் வேலைக்குப் போவதே அவருக்குப் பிடிக்காது. துணிக்கடை, விசிறிக்கு அடியில் உட்கார்ந்து சேலை மடிக்கிற வேலை என்று சொன்ன பிறகுதான் அரை மனதாகத் தலையாட்டினார். நான் கஷ்டப்படுகிறேன் என்று தெரிந்தால் டாக்டராவது மண்ணாவது, சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

மத்தியானம் வேலையிலிருந்து வந்ததும் முதலில் சோப்புப் போட்டுக் குளிப்பேன். இன்று வேன் வழியில் நின்றுவிட்டது. அவர் சாப்பிடும் நேரம் தாண்டிவிட்டதால் கையை மட்டும் கழுவிக்கொண்டு கஞ்சியைச் சூடாக்கி எடுத்து வந்தேன்.

அவர் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார்.

"மீன் நாத்தம் அடிக்குது."

இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். சொன்னார். அவர் முகத்திலும் திகைப்பு. அந்த நாற்றத்தை விட்டுவிடப் பயந்தவர் மாதிரி மறுபடி மறுபடி மூச்சை இழுத்தார்.

என் வாழ்க்கையில் இதைவிட நல்ல செய்தியை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

முதலாளிக்கு உடனே சொல்ல வேண்டும். போன் அலமாரியில் மாத்திரைத் தட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. எண்ணைத் தட்டிக் காதில் வைத்தேன். மணி போனது.

அப்போதுதான் தட்டைப் பார்த்தேன்.

இன்றைக்கு உரிய மீன் எண்ணெய் மாத்திரை முழுசாக இருந்தது. பக்கத்தில் ஊசி. அவசரத்தில் நான் அதைக் குத்தவே இல்லை.

கஞ்சியில் மீன் இல்லை. என்னிடம்தான் இருந்தது. காலை ஆறு மணியிலிருந்து மீன் கம்பெனியில் ஐஸ் தண்ணீரில் கையை விட்டு, பெட்டி பெட்டியாகக் குடல் எடுத்த மீன். கட்டைவிரல் நகத்தோரம் ஒரு செதில்கூட ஒட்டிக்கொண்டிருந்தது. இரண்டு மாதமாக நான் மடித்த சேலை ஒன்றுகூட இல்லை.

கையை முந்தானைக்குள் மறைக்கப் பார்த்தேன். அதற்குள் அவர் மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டார்.

என் கையை எடுத்தார். உள்ளங்கையைத் திருப்பி மூக்கருகே வைத்து, கண்ணை மூடி, நீளமாக ஒரு இழுப்பு இழுத்தார்.

போனில் முதலாளி ஹலோ, ஹலோ என்றார்.

"நாளைக்கே வர்றேன்னு சொல்லு."

சொல்லவும் முடியாமல் வைக்கவும் முடியாமல் நின்றேன். அவர் என் கையை விடவில்லை.