குட்டைத் தண்டுத் தோடு

இந்தக் கதையை எனக்குச் சொன்னவள் அறைத்தோழி யாழினி. யாருடைய காது என்று கேட்டால் மட்டும் சொல்ல மாட்டேன் என்கிறாள்.

மூன்று நாள் முன்பு குத்திய காது ஒன்று புசுபுசுவென்று வீங்கியிருந்தது. மாட்டியிருந்த தோட்டுக்கோ தண்டு குட்டை. பின்பக்கத் திருகாணி சதைக்குள் புதையத் தொடங்கியிருந்தது.

“கொஞ்சம் தள்ளி உட்காரப்பா, வலி உயிர் போகிறது,” என்றது காது.

“எங்கே தள்ள? நான் அளவாகத்தான் இருக்கிறேன். நீதான் வீங்கிக் கிடக்கிறாய்.”

“குத்தினால் வீங்காமல் பூவா பூக்கும்?”

“கடையில் எத்தனை பேர் என்னை அழகு என்றார்கள் தெரியுமா?”

“எல்லாரும் கல்லைப் பார்த்தார்கள். தண்டை எவர் பார்த்தார்?” காதுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “இன்னும் இரண்டு நாள் போனால் உன்னைக் கத்தி வைத்துத்தான் எடுக்க வேண்டும்!”

மேசைமேல் கிடந்த தோட்டின் அட்டை, “நான் ஒன்று சொல்லட்டுமா?” என்று மூன்றாம் முறையாகக் கேட்டது.

“நீ சும்மா கிட!” என்றன இரண்டும் ஒரே குரலில்.

மறுநாள் டாக்டர்தான் தோட்டை வெளியே எடுத்தார்.

அந்த அட்டை யாழினியின் மேசையில்தான் இருந்தது. பிறகு நானே திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம், ‘துளை ஆறிய காதுக்கு மட்டும்’ என்று அச்சடித்திருந்தது.