பதினாறு எழுத்துப் பூட்டு

பெண் பார்க்க வந்த ஜனார்தனின் போன் கூடத்தில் கணீரென்று அடித்தது. துபாயிலிருந்து அக்கா, வீடியோ காலில். "எங்கடா பொண்ணு? காட்டுடா!"

எல்லோரும் சிரித்தார்கள். பெண்ணின் அப்பா சௌரிராஜனுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

மேலச் சித்திரை வீதியில் அந்த வீட்டுக்குள் டவர் சுத்தமாகக் கிடைக்காது. போன் பேச வாசலுக்கு ஓட வேண்டும், இல்லாவிட்டால் வைஃபை வேண்டும். வந்து கால் மணி நேரம்கூட ஆகாத பையனுக்குப் பாஸ்வேர்டை யார் கொடுத்தது?

வைஃபை விஷயத்தில் சௌரிராஜனை ஏமாற்றவே முடியாது. ரிடையர் ஆன பிறகு மனுஷர் அதைத்தான் கரைத்துக் குடித்திருந்தார். "வெப்புங்கற பூட்டெல்லாம் பழசு, குழந்தைகூட உடைச்சுடும். டபிள்யூ.பி.ஏ. டூ பரவாயில்லை. த்ரீதான் ஓய் கெட்டி!" என்று கோயிலுக்குப் போகிற வழியில் அகப்பட்டவர்களுக்கெல்லாம் பாடம் எடுப்பார்.

போன ஞாயிற்றுக்கிழமைதான் பாலக்கரை அருள்நாதன் வந்து அந்த த்ரீக்கு மாற்றி, பதினாறு எழுத்தில் பாஸ்வேர்டும் வைத்துவிட்டுப் போனான். தங்கமான பிள்ளை. மாசத்துக்கு இரண்டு தடவை நெட் படுத்துவிடும், ஸ்ம்ருதி போன் பண்ணுவாள், அவனும் அலுக்காமல் வந்து நிற்பான்.

அந்தப் பதினாறு எழுத்து வீட்டில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். அவருக்கும், மகள் ஸ்ம்ருதிக்கும்.

அப்படியென்றால் பையனுக்குக் கொடுத்தது அவள்தான். ஜாதகம் பார்த்தது, தரகர் அலைந்தது, இந்த சொஜ்ஜி பஜ்ஜி எல்லாமே நாடகமா? காதல் என்ற பேச்சே ஆகாத வீட்டில், ஒரே பெண் இப்படி முதுகுக்குப் பின்னால் விளையாடியிருக்கிறாளே!

"ஒரு நிமிஷம்" என்று எழுந்து அடுக்களைக்குள் போனார். ஸ்ம்ருதி காபி ஆற்றிக்கொண்டிருந்தாள்.

"எத்தனை நாளா நடக்கறது இது? பொய் சொல்லாதே. வைஃபையே காட்டிக் குடுத்துடுத்து!"

அவள் கையிலிருந்த டபரா நழுவி விழுந்தது. "ரெண்டு வருஷமாப்பா. சொல்ல பயமா இருந்தது. அவர் இல்லேன்னா நான் உயிரோடயே இருக்க மாட்டேன்."

அடிப்பாவி! கையை ஓங்கியவர், அவள் அழுகையைப் பார்த்ததும் இறக்கிவிட்டார். கொஞ்சம் யோசித்தார். ஜனார்தன் கைலாசபுரத்துப் பையன், நல்ல வேலை, நல்ல குடும்பம், ஜாதகமும் பொருந்தியாயிற்று. நாம் பார்த்த இடத்திலேயே அவள் மனசும் போயிருக்கிறது என்றால் அதில் என்ன நஷ்டம்?

"அழாதேடி. உனக்குப் பிடிச்சவனையே பண்ணி வைக்கறேன். இது பெருமாள் மேல சத்தியம். கூடத்துல நான் பேசிக்கறேன்."

ஸ்ம்ருதியால் நம்பவே முடியவில்லை. அப்பாவின் தோளில் சாய்ந்து ஓவென்று அழுதாள்.

சௌரிராஜன் கூடத்துக்கு வந்து ஜனார்தன் முதுகில் ஒரு தட்டு தட்டினார். "பலே மாப்பிள்ளை! பாஸ்வேர்டு கேக்காமலேயே போன் வேலை செய்யறதேன்னு பார்த்தேன். பொண்ணு எல்லாத்தையும் ஒத்துண்டுட்டா."

ஜனார்தன் திருதிருவென்று விழித்தான். "எதை மாமா? போன் தானா கனெக்ட் ஆயிடுத்து. எங்காத்து வைஃபைக்கும் இதே பேர்தான். எங்களுக்குப் போட்டவர் போற ஆத்துக்கெல்லாம் ஒரே பேர், ஒரே பாஸ்வேர்டுதான் வைப்பார். வேற வேற வெச்சா மறந்துடறதாம். பாலக்கரைக்காரர், அருள்நாதன்னு பேர்."

"அப்போ ஸ்ம்ருதியை உனக்கு முன்னாடியே..."

"இன்னிக்குத்தான் மாமா பார்க்கவே போறேன்!"

சௌரிராஜன் மெல்லத் திரும்பினார். காபித் தட்டுடன் அடுக்களை வாசலில் நின்றிருந்தாள் ஸ்ம்ருதி. அவர் செய்த சத்தியத்தின் சந்தோஷம் இன்னும் அவள் முகத்தில் இருந்தது.

"நான் அருள்நாதனைத்தாம்பா சொன்னேன்."