ஐம்பதாயிரத்துத் தடியங்காய்

“பத்தாயிரம்!”

கூட்டுக்குக்கூட ஆகாத ஒரு முத்தல் தடியங்காய்க்கு, வெறும் நீர்ப்பூசணிக்கு, இஸ்ரவேல் இந்த விலையைக் கேட்டதும் ஸ்வீட்லின் டீச்சர் திடுக்கிட்டுத் திரும்பினாள்.

அறுப்பின் பண்டிகைக்குப் படைத்த காய், கனி, கோழியெல்லாம் ஆராதனை முடிந்ததும் ஆலய வாசலில் ஏலம் போவது வழக்கம்தான். இந்த வருஷ ஏலப் பணம் முழுக்க டீச்சருடைய நாலாம் வகுப்புப் பிள்ளை இசக்கிப்பிரியாவுக்கு. இதயத்தில் ஓட்டை. அம்மா மாரிக்கண்ணு பீடி சுற்றுகிறவள். டீச்சர் இணையத்தில் பக்கம் ஆரம்பித்து, முகம் தெரியாத ஜனமெல்லாம் நூறும் இருநூறுமாகப் போட்டு, பெரும்பகுதி சேர்ந்துவிட்டது. இன்னும் ஐம்பதாயிரம்தான் துண்டு விழுகிறது. செவ்வாய்க்கிழமைக்குள் ஆஸ்பத்திரியில் கட்டியாக வேண்டும்.

கையில் காசில்லாதவர் ஏலம் கேட்டால் அது எப்படிக் கட்டுப்படியாகும்? இஸ்ரவேல் ரிட்டயரான தபால்காரர்.

“பன்னெண்டு!” என்றார் ஜெபசீலன். ஹார்டுவேர் கடை முதலாளி. டீச்சர் உதவி கேட்டு இரண்டு தடவை கடைக்கு நடந்தபோது, “ஆன்லைன்ல எல்லாம் ஏமாத்தும்மா” என்று ஐந்நூறு ரூபாய் போட்டுவிட்டு, அதை மூன்று நாள் ஸ்டேட்டஸில் வைத்திருந்தவர். சபைத் தேர்தலில் இஸ்ரவேலிடம் மூன்று ஓட்டில் தோற்றதிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

“பன்னெண்டா? மூணு மாடி கட்டினவருக்கு அதுக்குள்ள மூச்சு வாங்குதோ வே? இருவது!”

கூட்டம் சிரித்தது. ஜெபசீலனின் காது சிவந்தது.

“இருவத்தஞ்சு!”

இஸ்ரவேல் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு போனைப் பார்த்தார். ஒரு பிள்ளை உயிர் ஊசலாடும்போது என்ன போன் வேண்டிக்கிடக்கிறது என்று டீச்சருக்கு எரிச்சல்.

“முப்பது. கஷ்டமா இருந்தா உக்காந்துக்கிடும் வே. யாரும் ஒண்ணும் நெனைக்க மாட்டாங்க.”

“யாருக்கு வே கஷ்டம்? முப்பத்தஞ்சு!”

டீச்சர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு இஸ்ரவேல் பக்கத்தில் போய் நின்றாள்.

“அண்ணாச்சி, அவரு பாதியில விட்டுட்டா நீங்கல்ல கட்டணும்? பிள்ளை விஷயத்துல வெளையாடாதீங்க.”

“பைய இரும்மா,” என்றவர் கையைத் தூக்கினார். “நாப்பது!”

ஜெபசீலன் மடியிலிருந்த மஞ்சப்பையைத் தடவிப் பார்த்தார்.

பெண்கள் பக்கம் ஜெபசீலனின் மனைவி சாலோமி, மடியில் வேதப்புத்தகத்தை விரித்துத் தலையைக் குனிந்திருந்தாள். பாவம், புருஷனுக்காக ஜெபம் பண்ணுகிறாள் போல.

“நாப்பதாயிரம் ஒரு தரம்…” என்றான் ஏலம் விட்ட ரிச்சர்ட்.

இஸ்ரவேலின் நெற்றியில் வியர்வை பூத்தது. மறுபடியும் போனைப் பார்த்தார்.

“நாப்பதாயிரம் ரெண்டு தரம்…”

“என்ன வே, தடியங்காய்க்கே தொண்டை அடைச்சிட்டா?” என்றார் இஸ்ரவேல்.

“அம்பது!” ஜெபசீலன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். “இப்ப என்ன சொல்லுதீரு?”

இஸ்ரவேல் போனைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி மடித்தார். உட்கார்ந்துவிட்டார்.

“நீரே கொண்டுபோய் அவிச்சுத் தின்னும்.”

விசில் பறந்தது. ஜெபசீலன் மஞ்சப்பையோடு பணத்தை டீச்சர் கையில் கொடுத்துவிட்டு, தடியங்காயைப் பிள்ளையைப்போல் இடுப்பில் வைத்துக்கொண்டு நாலு கோணத்தில் போட்டோ எடுத்துக்கொண்டார்.

டீச்சருக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்தது. அதைவிட வேகமாகக் கோபம் வந்தது.

“ஏன் அண்ணாச்சி, அவரு அம்பது சொல்லாம விட்டிருந்தா? உங்க வீம்புக்கு எம்பிள்ளையா கெடைச்சுது?”

இஸ்ரவேல் வியர்வையைத் துடைத்துக்கொண்டே போனை நீட்டினார். அனுப்பியவர் பெயர் சாலோமி என்றிருந்தது. டீச்சர் வாசித்தாள்.

‘அண்ணாச்சி, முப்பது கேளுங்க. மூணு மாடியை விட்டுராதீங்க, அதுதான் வேலை செய்யுது.’

‘பயப்படாதீங்க. கழுத்து நரம்பு பொடைச்சிட்டு. இனி விடமாட்டாக.’

‘போதும், உக்காந்துருங்க. பைக்குள்ள அம்பதுதான் இருக்கு. காலைல நான்தான் எண்ணி வச்சேன்.’