பிரேக் நேரம்

ஜெசிந்தாவுக்கு அது டபுள் டியூட்டியின் பதினான்காவது மணி நேரம். வென்டிலேட்டர் பழுதாகிவிட்டதால், படுக்கையில் கிடந்த பெரியவரின் மூச்சு அவள் அமுக்கும் ரப்பர் பையில்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரி கேட்டுக்கு வெளியே அவள் கணவன் நான்கு மாதக் குழந்தையோடு காத்திருந்தான். புட்டிப் பாலைத் தொடாத குழந்தை.

"ஒரு மணியிலேருந்து ஒன்றரை வரைக்கும் உன் பிரேக்," என்றாள் ஹெட் நர்ஸ். "போனாலும் போகாட்டியும் அரை மணிச் சம்பளத்தைப் பிடிச்சிடுவாங்க."

"இதைப் பிடிக்க ஆள் வேணுமே, மேடம்?"

"ஆளா? நானே மூணு வார்டு பார்க்கறேன்."

பெரியவரின் மகள் கையை நீட்டினாள். "குடுங்க சிஸ்டர். உங்க சட்டையெல்லாம் பாலு. ஓடிப் போய்ட்டு வாங்க."

"அஞ்சு எண்ணி ஒருதரம் அமுக்குங்க. விட்டுடாதீங்க!"

படிகளில் ஓடினாள். காவலாளி அறையின் மறைவில் உட்கார்ந்ததும் குழந்தை ஆவேசமாகப் பற்றிக்கொண்டது.

"என்னடி பண்றே?" என்றான் கணவன். அவளுடைய வலது கை குழந்தையின் முதுகை, ஐந்து எண்ணி ஒருதரம், அமுக்கிக்கொண்டிருந்தது.

மாடியில், படுக்கையை ஒட்டிய ஜன்னலிலிருந்து பெரியவரின் மகள் அலறினாள். "சிஸ்டர்!"

ஜெசிந்தா எழுந்துவிட்டாள். குழந்தை வாயை எடுக்கவில்லை.