உப்பில்லாத வீடு

"அசையாதே கண்ணு!" தேன்மொழி சமையலறை வாசலிலேயே உறைந்து நின்றாள். உள்ளே மூன்று வயது மகள். நடுவில் எங்கோ கண்ணுக்குத் தெரியாத தீ.

கரண்ட் விட்டால் தண்ணீரைப் பிரித்துச் சமையலுக்கு ஹைட்ரஜன் வாயு தரும் மலிவான இரும்புத் தகட்டுப் பெட்டி வீட்டுக்கு வீடு வந்துவிட்டது. குழாய் வெடித்தால் தீ நிறமில்லாமல் எரியும். உப்பு தூவினால்தான் மஞ்சளாகத் தெரியும்.

"உப்பு எங்கே?" கணவன் குமரவேல் அலறினான்.

"உங்க பிரஷருக்காக வீட்ல வாங்குறதே இல்லையே!"

"அம்மா, நான் வரட்டா?" மகள் எழுந்தாள்.

குமரவேல் சட்டைப்பையைத் துழாவினான். "ஆபீஸ்ல மாங்காய்க்கு வச்சிருந்தது... திட்டாதே!" பொட்டலத்தை உள்ளே உதறினான்.

குபீரென்று மஞ்சள். வெடித்த குழாய் தரையில் நெளிய நெளிய, தீயும் இடம் மாறிக்கொண்டிருந்தது. சுவரோரம் மட்டும் வழி. தேன்மொழி பாய்ந்து மகளை அள்ளினாள்.

திரும்பினாள். மஞ்சள் மறைந்திருந்தது. அனல் மட்டும் முகத்தில் அடித்தது.

வாசலில் குமரவேல் காலிப் பொட்டலத்தை உதறிக்கொண்டே இருந்தான்.